தன்மை ஒருமை

இருபது வருஷமாக நான் காதால் பிழைக்கிறேன். காலடியில் ஒரு பெடல், தலையில் ஹெட்போன், எதிரில் திரை. பெடலை மிதித்தால் அமெரிக்காவில் எவரோ பேசுவார், காலை எடுத்தால் நின்றுவிடுவார். முதல் எட்டு வருஷம் டாக்டர்கள் பேசியதை டைப் அடித்தேன். அப்புறம் கோர்ட் ஒலிப்பதிவுகளுக்கு மாறினேன். வக்கீல், சாட்சி, நீதிபதி என்று யார் என்ன சொன்னாலும், இருமலையும் "ம்" கொட்டலையும் சேர்த்து, சொன்னபடியே அடிக்க வேண்டும். எங்கள் தொழிலில் அதற்கு வெர்பேட்டிம் என்று பெயர்.

ஹிப் ஹாப்புக்கும், அதாவது அமெரிக்கக் கறுப்பினத்தாரிடம் பிறந்து, தாளத்துக்குப் பேசுகிற மாதிரி பாடும் ராப் பாட்டுக்கும், எனக்கும் அப்போது எந்த ஒட்டும் இல்லை. தம்பி கேட்பான், சத்தத்தைக் குறைடா என்பேன், அவ்வளவுதான். 2014 மழைக்காலத்தில் ஒரு ராத்திரி வந்த ஃபைல்தான் என்னை இதற்குள் இழுத்தது. எந்த மாநிலம், யார் வழக்கு என்று சொல்ல எனக்கு அனுமதி இல்லை, சொல்லவும் மாட்டேன். அரசு வக்கீல் ஒரு காகிதத்தைக் கொடுத்து வாசிக்கச் சொல்கிறார். சாட்சிக் கூண்டில் இருந்த துப்பறியும் அதிகாரி வாசிக்கிறார், ரேஷன் கார்டில் பெயர் வாசிக்கிற குரலில், ஏற்றமும் இல்லாமல் இறக்கமும் இல்லாமல். நான் இதைச் செய்தேன், நான் அதைச் செய்வேன், என் வழியில் வந்தால் உனக்கு இதுதான் கதி. நானும் அடித்துக்கொண்டே போனேன்.

நாலாவது வாக்கியத்தில் கால் தானாக நின்றுவிட்டது. வாக்கியங்களின் கடைசிச் சத்தம் எல்லாம் ஒன்றுபோல இருந்தது. திருப்பிப் போட்டுக் கேட்டேன். இயைபு! பள்ளிக்கூடத்தில் எதுகை, மோனை, இயைபு என்று கோடு போட்டுக் காட்டி மார்க் வாங்கிய காது இது, ஏமாறாது. அந்த மனிதர் வாசித்துக்கொண்டிருந்தது பாட்டு.

அதனால் பாட்டு மாதிரியே அடித்தேன். இயைபு விழும் இடத்தில் வரியை முறித்து, அடுத்ததை அடுத்த வரியில் போட்டேன். காலையில் ஃபைலைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சாட்சி நிறுத்தாமல் வாசித்திருக்கிறார், வரி முறிப்பது உங்கள் சொந்தச் சேர்க்கை, ஒரே பத்தியாக மாற்றுங்கள் என்று குறிப்பு. விதிப்படி அது சரிதான். பேக்ஸ்பேஸைத் தட்டித் தட்டி வரிகளை ஒன்றாக்கினேன். கடைசி வரியும் சேர்ந்த பிறகு திரையைப் பார்த்தேன். பாட்டைக் காணோம், ஒரு ஆள் தன் குற்றங்களை வரிசையாக ஒப்புக்கொள்கிற வாக்குமூலம்தான் அங்கே இருந்தது. ஒரு சொல்லைக்கூட நான் மாற்றவில்லை.

அந்த வாரம் முழுக்கத் தூக்கம் சரியில்லை. அதிலிருந்துதான் படிக்க ஆரம்பித்தேன்.

முதலில் கையில் அகப்பட்டது மெக்கின்லி ஃபிப்ஸ் என்பவரின் கதை. மேக் என்ற பெயரில் பாடியவர், லூசியானா மாநிலத்துக்காரர், நோ லிமிட் என்ற அந்நாளில் பெரிய இசை நிறுவனத்தின் ராப் பாடகர். 2000 பிப்ரவரியில் ஸ்லைடெல் என்ற ஊரில் ஒரு கிளப்பில் அவர் நிகழ்ச்சி இருந்தது. அங்கே கைகலப்பு, துப்பாக்கிச் சூடு, 19 வயதுப் பையன் ஒருவன் செத்துப்போனான். மேக்குக்கு அப்போது வயது 22. அதற்கு முன் அவர் மேல் ஒரு வழக்கும் கிடையாது. அவருடன் வேலை பார்த்த இன்னொருவர், சுட்டது நான்தான் என்று போலீஸில் சொன்னார். போலீஸ் அதை நம்பவில்லை. மேக்கைத்தான் பிடித்து நிறுத்தினார்கள்.

2001-ல் விசாரணை. குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லப் பொதுமக்களிலிருந்து எடுத்து உட்காரவைக்கும் ஜூரி முன்னால், அரசு வக்கீல் மேக்கின் பாட்டைச் சொல்லிக் காட்டினார். எப்படிச் சொன்னார் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. கொலை கொலை என்று அடுக்கிக்கொண்டு போகிற ஒரு பல்லவி. வேறொரு பாட்டில், மேக் தன் அப்பாவைப் பற்றிப் பாடிய ஒரு அடி. அப்பா வியட்நாம் போரில் இருந்த சிப்பாய். என்னிடம் வம்பு வைத்தால் அவர் உன் மூளையில் குண்டு இறக்குவார் என்பது அந்த அடியின் பொருள். வக்கீல் இரண்டையும் ஒட்டுப்போட்டு ஒரே பாட்டுப் போல ஆக்கினார். ஒட்டும்போது "அவர்" விழுந்துவிட்டது. அப்பா இல்லாமல் போனார். என்னிடம் வம்பு வைத்தால் உன் மூளையில் குண்டு என்று மட்டும் மிஞ்சியது.

தன்மை, முன்னிலை, படர்க்கை என்று ஆறாம் வகுப்பில் தமிழ் ஐயா கரும்பலகையில் மூன்று கட்டம் போடுவார். படர்க்கையில் இருந்த ஒரு சொல் உதிர்ந்து வாக்கியம் தன்மைக்கு வந்துவிட்டது. என் வேலையில் ஒரு "அவர்" விடுபட்டால் மார்க் பிடிப்பார்கள், மாசக் கடைசியில் ஊக்கத்தொகை போகும். இங்கே போனது ஒரு மனிதனுடைய 21 வருஷம்.

பாட்டால் மட்டும் தண்டனை வந்தது என்று சொல்லமாட்டேன். நேரில் பார்த்ததாகச் சொன்ன சாட்சிகள் இருந்தார்கள். அவர்களில் சிலர், எங்களை நெருக்கிச் சொல்ல வைத்தார்கள் என்று வெகுகாலம் கழித்து வாய் திறந்தார்கள். ஜூரியில் 12 பேரில் 10 பேர்தான் குற்றவாளி என்றார்கள், அன்றைய லூசியானாவில் 10 பேர் போதும். 30 வருஷத் தண்டனை. 2021-ல் மாநில ஆளுநர் தண்டனையைக் குறைத்துக் கையெழுத்துப் போட, அந்த ஜூனில் பரோலில் வெளியே வந்தார். 22 வயதில் உள்ளே போனவர் 43 வயதில் திரும்பினார்.

அமெரிக்கச் சட்டப்படி ஒருவர் கெட்டவர் என்று காட்டி, ஆகவே இந்தக் குற்றத்தையும் செய்திருப்பார் என்று வாதாடக் கூடாது. குணம் சாட்சியாகாது. ஆனால் நோக்கம், திட்டம், அறிந்திருந்தார் என்பது இவற்றைக் காட்ட என்றால் பழையதைக் கொண்டுவரலாம் என்று பக்கவாட்டில் ஒரு கதவு வைத்திருக்கிறார்கள். பாட்டு அந்தக் கதவு வழியாகத்தான் வருகிறது. நோக்கத்தைக் காட்டுகிறேன் என்று சொல்லி உள்ளே விடுவார்கள். உள்ளே வந்ததும் அது செய்கிற வேலையோ குணத்தைக் காட்டுகிற வேலை.

எனக்கு இதையெல்லாம் படிக்கப் படிக்கப் பெரியப்பா ஞாபகம் வந்துகொண்டே இருந்தது.

எங்கள் ஊர் செய்யாறு பக்கம். பெரியப்பா பகலில் ரேஷன் கடை எடையாளர். சித்திரை, வைகாசி பாரதக் கூத்தில் துச்சாதனன். இருபத்தைந்து வருஷம் அந்த ஒரே வேஷம். புஜக்கட்டை, கிரீடம், மார்பதக்கம், சிவப்பு அரிதாரம் எல்லாம் ஏற்றி முடிக்க மூன்று மணி நேரம் ஆகும். நான் கண்ணாடி பிடிப்பேன். துகில் உரியும் ராத்திரியில், புடவையில் கை வைப்பதற்கு முன்னால், அவர் ஆட்டத்தை நிறுத்துவார். ஹார்மோனியம் நிற்கும், மிருதங்கம் நிற்கும். திரௌபதி அம்மனுக்கு முன்னால் கற்பூரம் ஏற்றி, இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பி, "தாயே, வேஷத்துக்காகத் தொடுறேன், குத்தம் பொறுத்துக்க" என்று விழுந்து கும்பிடுவார். எழுந்து மீசையை முறுக்கியதும் மறுபடியும் துச்சாதனன். கத்துவதைக் கேட்டால் எனக்கே வயிற்றைப் பிசையும்.

ஒரு வருஷம் முன்வரிசையில் இருந்த கிழவி ஒருத்தி "கட்டையில போறவனே" என்று மண்ணை வாரி அவர் மேல் இறைத்தாள். மறுநாள் ரேஷன் கடையில் அதே கிழவி பையை நீட்டிக்கொண்டு, "ஏன்பா, தொண்டை கட்டிக்கிச்சா, சுக்குத்தண்ணி குடி" என்றாள். ராத்திரி மண் போட்டதும் நிஜம், காலையில் சுக்குத்தண்ணி சொன்னதும் நிஜம். அந்தக் கிழவிக்குப் பள்ளிக்கூட வாசம் கிடையாது. இரண்டையும் எங்கே பிரிக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

சங்கப் பாட்டிலும் இதற்கு ஒரு ஏற்பாடு இருக்கிறதல்லவா? பாட்டுக்கு அடியில் சின்னதாக "தலைவி கூற்று", "தோழி கூற்று" என்று போட்டிருக்கும். பாடியவர் கபிலராக இருக்கும். கபிலர் ஏன் "என் தோள் மெலிந்தது" என்கிறார் என்று யாரும் கேட்பதில்லை, கூற்று யாருடையது என்று கீழே எழுதியிருக்கிறது. ராப் பாட்டுக்கு அந்த ஒரு வரி கிடையாது. மேடையும் கிடையாது, கற்பூரமும் கிடையாது. பாடுகிறவர் தன் தெருப் பெயரைச் சொல்லுவார், தன் கூட்டாளிகளின் பெயரைச் சொல்லுவார், நான் சொல்வது அத்தனையும் நிஜம் என்று சத்தியம் பண்ணுவார். அப்படிச் சத்தியம் பண்ணுவதுதான் அந்தக் கலையின் வேஷமே. அரிதாரம் இல்லாததுபோலத் தெரிகிற அரிதாரம். ஆகவே ஜூரியில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவர் குழம்பினால் அவரை நான் முட்டாள் என்று சொல்ல மாட்டேன். அவருக்குக் கூற்று எழுதிக் கொடுக்க யாரும் இல்லை. எதிர்ப்பக்கம் நிற்பவரோ, இது வேஷமே இல்லை என்று அடித்துச் சொல்கிறார்.

நியூ ஜெர்சி மாநில உச்ச நீதிமன்றம் ஒருமுறை இதைச் சரியாகப் பார்த்தது. ஸ்கின்னர் வழக்கு, 2014 ஆகஸ்ட் தீர்ப்பு. கொலை முயற்சிக் குற்றச்சாட்டு. ஒரு காரின் பின்சீட்டில் கிடைத்த ஸ்கின்னரின் நோட்டுப் புத்தகங்களிலிருந்து 13 பக்கம் ராப் வரிகளை ஜூரிக்கு வாசித்திருந்தார்கள். பெரும்பகுதி, சம்பவத்துக்கு வெகுகாலம் முன்னால் எழுதியவை. சுடப்பட்டவரைப் பற்றியோ அந்த இடத்தைப் பற்றியோ அதில் ஒன்றும் இல்லை. தீர்ப்பில் ஓர் இடம் எனக்கு மனப்பாடம். ஷெரீஃபைச் சுட்டேன் என்று பாட்டு எழுதிய பாப் மார்லி நிஜமாகவே ஒரு ஷெரீஃபைச் சுட்டார் என்றோ, கதாசிரியர் எட்கர் ஆலன் போ தன் கதையில் வருவதுபோல வீட்டுத் தரைப்பலகைக்கு அடியில் ஒரு ஆளைப் புதைத்தார் என்றோ யாரும் நினைப்பதில்லை என்று எழுதினார்கள். பாட்டில் உள்ள குறிப்பான விவரத்துக்கும் நடந்த குற்றத்துக்கும் வலுவான நேரடித் தொடர்பு இருந்தால் மட்டுமே அதை ஜூரி முன் வைக்கலாம் என்றும் சொன்னார்கள். எனக்கு இது நியாயமாகப் படுகிறது. கொலைகாரனுக்கு மட்டுமே தெரிந்திருக்கக் கூடிய ஒரு விவரம் பாட்டில் இருந்தால், பாட்டுத்தானே என்று கண்ணை மூடிக்கொள்ளச் சொல்வது செத்தவருக்குச் செய்கிற அநியாயம். அப்படி ஒரு விவரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள் என்கிறது அந்தக் கோர்ட். மேக்கின் அப்பாவைப் பற்றிய அடியில் அப்படி என்ன விவரம் இருந்தது?

1996-ல் கேரி ஃப்ரைட் என்ற உளவியலாளர் வெளியிட்ட ஒரு சோதனை இருக்கிறது. 1960-ல் வெள்ளைக்காரப் பாடகர் குழு ஒன்று பாடிய நாட்டுப்புறப் பாட்டு, காவல் அதிகாரியைச் சுட்டவன் தன் வாயால் சொல்கிற கதை. வரிகளைக் காகிதத்தில் அச்சடித்துச் சிலரிடம் இது கன்ட்ரி (வெள்ளைக்காரர்களின் கிராமியப் பாணி) பாட்டு என்றும், சிலரிடம் இது ராப் என்றும் சொல்லிக் கொடுத்தார். எழுத்துக்கு எழுத்து ஒரே வரிகள். ராப் என்று கேள்விப்பட்டவர்கள் ஆபத்தானது, அருவருப்பானது என்றார்கள். கன்ட்ரி என்று கேள்விப்பட்டவர்களுக்கு அவ்வளவு தோன்றவில்லை. இருபது வருஷம் கழித்து 2016-ல் கலிஃபோர்னியாவில் மூன்று ஆய்வாளர்கள் மறுபடி செய்து பார்த்தார்கள், அப்போதும் அதே கதைதான். பாட்டின் பெயர்ப்பலகையை மாற்றினால் பாடுகிறவனின் தோல் நிறமும் கேட்பவர் மனதுக்குள் மாறிவிடுகிறது. வேறு எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு ஜார்ஜியா மாநிலத்து அட்லாண்டா. இந்த வழக்கை வேலையாக இல்லாமல், வெறும் ஆளாக, யூடியூப் நேரலையில் கேட்டேன். நம் கணக்கில் ராத்திரி ஏழரை, எட்டு மணிக்கு அங்கே கோர்ட் கூடும். சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டே அடுப்படியில் போனை நிறுத்தி வைப்பேன். யங் தக் என்ற ராப் பாடகரையும் அவரைச் சேர்ந்த 27 பேரையும் 2022 மே மாதம் ரிகோ சட்டத்தில் பிடித்தார்கள். மாஃபியாவை ஒடுக்க மத்திய அரசு 1970-ல் கொண்டுவந்த சட்டம் அது, ஜார்ஜியா 1980-ல் தனக்கென்று இன்னும் அகலமாக ஒன்று போட்டுக்கொண்டது. அதில் ஒரு கும்பல் இருந்தது, அந்தக் கும்பலுக்காக இவர் இன்னின்ன காரியம் செய்தார் என்று அடுக்க வேண்டும். அந்தக் காரியங்களின் பட்டியலில், துப்பாக்கி, போதைப்பொருள் நடுவே, பாட்டு பாடியதும் ஒரு காரியமாக ஏறியிருந்தது.

ஜூரியைத் தேர்ந்தெடுக்கவே பத்து மாசம் ஆனது. 17 பாட்டுப் பகுதிகளை நிபந்தனையோடு வைக்கலாம் என்று நீதிபதி 2023 நவம்பரில் சொன்னார். அதே மாசம் 27-ம் தேதி விசாரணை ஆரம்பம். அரசு வக்கீல் எழுந்து முதலில் சொன்னது என்ன தெரியுமா? ஆங்கிலக் கவிஞர் கிப்ளிங்கின் கவிதை. ஓநாய்க் கூட்டத்துக்கு ஒவ்வொரு ஓநாயும் பலம், ஓநாய்க்குக் கூட்டம் பலம் என்று வரும் காட்டுச் சட்டம். மாவுக் கையோடு நின்று கேட்டேன். நன்றாகத்தான் வாசித்தார், குரலில் ஏற்ற இறக்கத்தோடு. ஒரு கவிதையை எப்படி வாசிக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அந்த அறையில் ஒருவருக்கும் அது ஓநாயின் வாக்குமூலமாகப் படவில்லை.

மறுநாள் எதிர்த்தரப்பு வக்கீல் பிரையன் ஸ்டீல் பேசினார். ஆங்கிலத்தில் ரவுடி என்று அர்த்தமாகும் தக் என்ற சொல், கடவுளுக்கு அடியில் மெய்யாகவே பணிவோடு இருப்பது என்று பொருள்படும் நான்கு சொற்களின் முதலெழுத்து என்றார். அவர் கட்சிக்காரருக்காகப் பேசுகிறார், புரிகிறது. ஆனால் எனக்கு மனசு ஒப்பவில்லை. துச்சாதனன் நல்லவன் என்று நிரூபித்தால்தான் பெரியப்பாவை விடுவார்கள் என்பது போல ஆகிவிட்டது. கெட்டவனாகவே பாடிவிட்டுப் போகிறான், அது பாட்டு என்று சொல்லி நிற்க அங்கே இடம் இருக்கவில்லை.

வழக்கு ஜார்ஜியா வரலாற்றிலேயே நீண்டதாக ஆனது. நடுவில் நீதிபதியே மாறினார். 2024 அக்டோபர் 31 அன்று யங் தக் சில குற்றச்சாட்டுகளை ஒப்புக்கொண்டார், சிலவற்றை எதிர்க்கவில்லை என்றார். இரண்டரை வருஷம் ஜாமீன் இல்லாமல் உள்ளே இருந்தது போதும் என்று விட்டார்கள், 15 வருஷம் கண்காணிப்பு. அவர் நிரபராதி என்று நான் வாதாடவில்லை. கடைசிவரை விசாரணையில் நின்ற இரண்டு பேர் கொலைக் குற்றச்சாட்டிலிருந்தும் ரிகோவிலிருந்தும் டிசம்பரில் விடுதலையானார்கள். அவர்களிலும் ஒருவர் பாடகர்தான். அன்றைக்கு ராத்திரி போனை அடுப்படியில் வைத்துவிட்டு வெகுநேரம் சும்மா நின்றேன்.

கலிஃபோர்னியாவில் 2022-ல் ஒரு சட்டம் போட்டார்கள், இரண்டு சபையிலும் எதிர்த்து ஒரு ஓட்டு விழவில்லை. பாட்டையோ கவிதையையோ சாட்சியாக வைக்க வேண்டும் என்றால், ஜூரி இல்லாதபோது முதலில் நீதிபதி அதை எடைபோட வேண்டும். எப்போது எழுதியது, குற்றத்தோடு விவரம் ஒத்துப்போகிறதா, அந்தக் கலையின் வழக்கம் என்ன என்று பார்த்த பிறகுதான் உள்ளே விடலாம். நாடு முழுக்க இப்படி ஒன்று வேண்டும் என்று கொண்டுவந்த மசோதா இன்னும் சட்டமாகவில்லை. அதைக் கொண்டுவந்த இருவரில் ஒருவர் ஜார்ஜியாவின் எம்.பி.தான்.

இப்போதும் வருஷத்துக்கு இரண்டு மூன்று ஃபைலாவது இப்படி வருகிறது. அதே சப்பைக் குரல், அதே "நான்". வரி முறிக்க எனக்கு அதிகாரம் இல்லை. ஆனால் சாட்சி சொந்தமாகப் பேசாமல் எதையாவது பார்த்து வாசித்தால் அடைப்புக்குறிக்குள் அதைக் குறிக்கலாம் என்று எங்கள் விதிப் புத்தகத்தில் இருக்கிறது. கடிதம் வாசித்தால் கடிதம் என்று போடுகிறோம், மருத்துவ அறிக்கை என்றால் அறிக்கை என்று போடுகிறோம். பாட்டுக்கு யாரும் போட்டதில்லை. போன வருஷம் நான் போட ஆரம்பித்தேன்: "(பாடல் வரிகளை வாசிக்கிறார்)". வக்கீலே வாயால் பாட்டு என்று சொல்லியிருந்தால் மட்டும்தான், என் ஊகத்தில் போடுவதில்லை. இரண்டு தடவை நீக்கிவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். விதியின் எண்ணையும் ஒலிப்பதிவில் வக்கீல் அந்தச் சொல்லைச் சொன்ன நிமிஷத்தையும் எழுதி மறுபடி அனுப்பினேன். மூன்றாவது ஃபைலில் விட்டுவிட்டார்கள்.